குண்டூசியைச் சேமித்த மகான்... வாங்குவதைக் குறைக்க திருவண்ணாமலை சொல்லித் தரும் பாடம்!

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் ஏறக்குறைய பாதியைக் கடந்து அடி அண்ணாமலைக்கு வந்து சேர்கிறது கூட்டம். ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலில் ஒரு கும்பிடு, மாணிக்கவாசகர் கோயிலில் ஒரு கும்பிடு. கொஞ்சம் உட்கார்ந்து கால் வலி தீர்ந்ததும் மீண்டும் நடை.

சாலையோரம் விடிய விடியக் கடைகள். ருத்ராட்ச மாலை, பித்தளை விளக்கு, வளையல், கைப்பை, பிளாஸ்டிக் கார், பலூன்... ஊரிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலோடு கையை வீசிக்கொண்டு வந்தவர்கள், திரும்பிப் போக பஸ் ஏறும்போது கையில் இரண்டு பை இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால், போன முறை வாங்கிய அதே மாதிரி விளக்கு அலமாரியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.

அடி அண்ணாமலையைத் தாண்டினால் வாயு லிங்கம், அதற்கடுத்து குபேர லிங்கம். பணக்கஷ்டம் தீர வேண்டும் என்று அங்கே நிற்காதவர்கள் குறைவு. கார்த்திகை மாதத்தில் ‘குபேர கிரிவலம்’ என்றே தனியாக ஒரு கூட்டம் கூடுகிறது. வரவு பெருக வேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம். செலவு குறைய வேண்டும் என்று யாராவது வேண்டிக்கொள்கிறோமா?

அந்த வேண்டுதலுக்கான விடையும் இதே மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள 1896-ம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

ஐந்து ரூபாயில் மூன்று

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் படித்துக்கொண்டிருந்த 16 வயது வேங்கடராமன், யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலைக்குப் புறப்பட முடிவெடுத்தார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்பட்ட 5 ரூபாய் கையில் இருந்தது. வீட்டிலிருந்த ஒரு பழைய அட்லஸைப் பார்த்து, பயணத்துக்கு 3 ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டார். மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பினார்.

கணக்கு கொஞ்சம் தப்பிப்போனது. அட்லஸ் பழசு. அதில் திருவண்ணாமலைக்குப் போகும் புதிய ரயில் பாதை இல்லை. கொஞ்ச தூரம் ரயில், கொஞ்ச தூரம் நடை என்று அலைந்து, வழியில் காதில் இருந்த தங்கக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்துத்தான் செப்டம்பர் 1-ம் தேதி ஊர் வந்து சேர்ந்தார்.

கோயிலில் அண்ணாமலையாரைத் தரிசித்த பிறகு, அய்யங்குளத்தின் கரையில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. மிச்சமிருந்த மூன்று ரூபாய் சொச்சத்தையும், வழியில் சாப்பிடக் கொடுத்தனுப்பிய பலகாரப் பொட்டலத்தையும் வீசி எறிந்தார். வேட்டியிலிருந்து கோவணத்துக்கு மட்டும் துணியைக் கிழித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்துகொண்ட அவர், 1950 ஏப்ரல் 14-ல் மறையும்வரை அந்த ஊரைவிட்டு வெளியே போகவே இல்லை.

கேட்கச் சிலிர்ப்பாக இருக்கிறது. ஆனால், குடும்பம் நடத்துகிறவர்கள் இதை வைத்து என்ன செய்ய முடியும்? ஜூன் பிறந்தால் பள்ளிக் கட்டணம், மாதம் பிறந்தால் வாடகை, வாரம் பிறந்தால் குழுக் கடன் தவணை. நம்மால் பணத்தைக் குளத்தில் போட முடியாது.

நமக்கான பாடம் அய்யங்குளத்தில் இல்லை. அதற்குப் பிறகு ஆசிரமத்தில் நடந்ததில் இருக்கிறது.

எறிந்தவரே சேர்த்தார்!

மலைக்குகைகளில் வாழ்ந்த ரமணர், 1922-ல் தாயார் அழகம்மாள் மறைந்த பிறகு மலையடிவாரத்துக்கு வந்தார். தாயாரின் சமாதியைச் சுற்றி ரமணாசிரமம் உருவானது. அங்கே சமையல்கட்டு, மாட்டுக்கொட்டகை, தபால், வந்துபோகும் பக்தர்கள் என்று ஒரு பெரிய குடும்பமே நடந்தது.

விடிவதற்கு முன்பே எழுந்து அந்தச் சமையல்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கியவர் ரமணர். கீழே சிதறிய அரிசியையும் கடுகையும் பொறுக்கி எடுப்பார். மற்றவர்கள் குப்பைக்கு ஒதுக்கும் காய்த் தோலும் காம்பும் அவர் கையில் சமையலாகும். முதல்நாள் மிஞ்சியதை மறுநாள் காலையில் பயன்படுத்தச் சொல்வார்.

தபாலில் வரும் தாள்களிலிருந்து குண்டூசிகளைக் கழற்றி எடுத்து வைக்கச் சொல்வார். இதைத் தூக்கிப்போட்டுவிட்டால் புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்குமே என்பது அவர் கணக்கு. எழுதாமல் விடப்பட்ட தாள் ஓரங்கள்கூட வீணாகாது. மலையில் இருந்த காலத்தில் கோவணம் கிழிந்தபோது, ஊசி நூல் யாரிடமும் கேட்கவில்லை. முள்ளை ஊசியாக்கி, அதே துணியிலிருந்து நூலை உருவித் தைத்துக்கொண்டார் என்பது பக்தர்கள் பதிவு செய்துவைத்த நிகழ்ச்சி.

மூன்று ரூபாயை வீசி எறிந்தவர், ஒரு குண்டூசியை எடுத்து வைக்கிறார். முரண்பாடு போலத் தெரியும். ஆனால் இரண்டும் ஒன்றுதான். அவருக்குப் பணத்தின்மேல் பற்று இல்லை. பொருளின்மேல் அக்கறை இருந்தது.

நாம் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். 40 சதவிகிதத் தள்ளுபடியா, 45 சதவிகிதமா என்று பணத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறோம். வாங்கிய பொருள் எங்கே போனது, எத்தனை முறை பயன்பட்டது என்று பார்ப்பதே இல்லை. ஆயிரம் ரூபாய்ச் சுடிதாரை 600 ரூபாய்க்கு வாங்கியவர், 400 ரூபாய் மிச்சம் என்று மகிழ்கிறார். அது தேவைப்படாத சுடிதாராக இருந்தால், மிச்சம் எதுவும் இல்லை. 600 ரூபாய் செலவு மட்டுமே உண்மை.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்ற பழமொழியின் அர்த்தமும் இதுதான்.

கடை இப்போது தலையணைக்குப் பக்கத்தில்!

முன்பெல்லாம் துணி எடுப்பது வருடத்தில் இரண்டு மூன்று தடவை. தீபாவளி, பொங்கல், வீட்டில் ஒரு கல்யாணம். ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் மந்தம் என்பதால் அதைச் சரிக்கட்ட ‘ஆடித் தள்ளுபடி’ வந்தது. கடைக்குப் போக வேண்டும் என்றால் பஸ் பிடிக்க வேண்டும், பிள்ளைகளை யாரிடமாவது விட வேண்டும், பர்ஸில் பணம் இருக்க வேண்டும். இந்தத் தடைகளே நம்மைக் காப்பாற்றின.

இன்று கடை செல்போனில் இருக்கிறது. இரவு 11 மணிக்குத் தூக்கம் வராமல் புரளும்போதும் திறந்திருக்கிறது. பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது வரும் அந்தச் சின்ன வலியும், விரல் வைத்தால் போதும் என்றானபின் இல்லை.

போதாக்குறைக்கு, நம்மை வாங்க வைப்பதற்கென்றே திரையில் சில தந்திரங்கள். இவற்றை ‘டார்க் பேட்டர்ன்ஸ்’ என்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ம் தேதி வெளியிட்ட வழிகாட்டு விதிகளில், இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. ‘இன்னும் 2 மட்டுமே மீதி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, நாம் கேட்காத பொருளையோ சேவையையோ பில்லில் நைசாகச் சேர்ப்பது, வேண்டாம் என்று சொன்னால் குற்ற உணர்ச்சி வருவதுபோல வாசகம் வைப்பது, சந்தாவைச் சேர்வதற்குச் சுலபமாகவும் விலகுவதற்குச் சிரமமாகவும் வைப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று நம்மை நாமே திட்டிக்கொள்ளும் முன் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் நன்றாகவே திட்டம் போட்டு விளையாடுகிறது.

அடுத்தது ‘வட்டியில்லாத் தவணை’. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது, அந்த வட்டி பெரும்பாலும் பரிசீலனைக் கட்டணம் போன்ற வேறு பெயர்களில் வாடிக்கையாளர் தலையில் ஏற்றப்படுகிறது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது.

விளைவு? இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, அதாவது வங்கி, காப்பீடு, பங்கு போன்றவற்றில் போட்டதிலிருந்து புதிதாக வாங்கிய கடனைக் கழித்தபின் மிஞ்சுவது, 2020-21-ல் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவிகிதத்துக்கு மேல் இருந்தது. கொரோனாவால் வெளியே போகவும் செலவு செய்யவும் முடியாத வருடம் அது. 2022-23-ல் சுமார் 5 சதவிகிதமாக இறங்கியது. பல பத்தாண்டுகளில் காணாத சரிவு. இதில் வீட்டுக் கடனும் வாகனக் கடனும் உண்டு என்றாலும், கையில் இருக்கும் மெத்தை மெலிந்துகொண்டே போகிறது என்பது நிஜம். திடீரென்று ஓர் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், முதலில் அடகுக்கடைக்குப் போவது அம்மாவின் வளையல்தான்.

கடன் தீர்ந்தது, பழக்கம் தீரவில்லை

கனடாவைச் சேர்ந்த கெயிட் ஃப்ளாண்டர்ஸ் என்ற பெண்ணின் அனுபவம் இங்கே உதவும். ஏறக்குறைய 30,000 டாலர் கடனை அரும்பாடுபட்டு அடைத்தவர் அவர். ஆனால், கடன் தீர்ந்த கொஞ்ச நாளிலேயே பழையபடி செலவு செய்யும் பழக்கம் திரும்பிவிட்டது. 2014 ஜூலையில், தன் 29-வது பிறந்தநாளில், ஒரு வருடத்துக்கு அநாவசியமாக எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தார். பிறகு அதை இன்னொரு வருடமும் நீட்டித்தார். அந்த அனுபவத்தை 2018-ல் புத்தகமாகவும் எழுதினார்.

அவர் ஒன்றையும் வாங்காமல் இருக்கவில்லை. மளிகை, சோப்பு போன்ற அவசியங்கள் ஒரு பட்டியல். துணி, புத்தகம், அலங்காரப் பொருள் போன்று வாங்கக் கூடாதவை இரண்டாவது பட்டியல். அந்த வருடத்தில் கட்டாயம் தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்த சில பொருள்கள் மூன்றாவது பட்டியல். கூடவே, வீட்டில் குவிந்து கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பெரும்பகுதியைக் கழித்துக்கட்டினார்.

வாங்குவதை நிறுத்துவதற்கு முன், இருப்பதைப் பார்த்தார் என்பதுதான் இதில் முக்கியம். ரமணாசிரமச் சமையல்கட்டில் நடந்ததும் அதுதான்.

நம் வீட்டில் எப்படித் தொடங்கலாம்?

எடுத்த எடுப்பில் ஒரு வருடம் வேண்டாம். மூன்று மாதம் போதும். உங்களுக்கென்று வாங்கும் பொருள்களில் மட்டும் தொடங்குங்கள்.

முதல் வாரம் எண்ணுங்கள். பீரோவைத் திறந்து சேலை, சுடிதார், சட்டை, செருப்பு, கைப்பை எல்லாவற்றையும் கட்டில்மேல் போட்டு எண்ணி, ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த எண்ணிக்கை உங்களைத் தூக்கிவாரிப் போடும். சமையலறையிலும் அப்படியே. பிரிக்காத மசாலா பாக்கெட்டுகளும், பெட்டியோடு இருக்கும் டப்பர்வேர் செட்டும் கண்ணில் படும்.

மூன்று பட்டியல் எழுதுங்கள். வாங்கலாம், வாங்கக் கூடாது, இந்த மூன்று மாதத்தில் தேவை என்று இப்போதே தெரிந்தவை. மருந்து, படிப்பு, சத்தான சாப்பாடு ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். அவை எப்போதும் முதல் பட்டியலில்தான்.

முப்பது நாள் ஆறப்போடுங்கள். பட்டியலில் இல்லாத ஒன்றின்மேல் ஆசை வந்தால், நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். 30 நாள் கழித்தும் அது இல்லாமல் சிரமப்பட்டால் வாங்கலாம். பாதிக்கு மேற்பட்ட பொருள்களை ஏன் எழுதினோம் என்பதே அப்போது மறந்திருக்கும்.

வாங்குவதைச் சிரமமாக்குங்கள். ஷாப்பிங் ஆப்களை போனிலிருந்து நீக்குங்கள். சேமித்து வைத்த கார்டு விவரங்களை அழியுங்கள். ஒவ்வொரு முறையும் பீரோவிலிருந்து கார்டை எடுத்து 16 எண்களையும் அடிக்க வேண்டும் என்றால், பாதி ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

பழுதுபார்க்கப் பழகுங்கள். அறுந்த செருப்பு, ஜிப் போன பை, கைப்பிடி ஆடும் குக்கர், பக்கத்தில் பிரிந்த ரவிக்கை... இவற்றுக்காக வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். தெருமுனையில் செருப்பு தைப்பவரும் தையல்கடைக்காரரும் இன்னும் இருக்கிறார்கள்.

மிஞ்சியதை உடனே நகர்த்துங்கள். இந்தப் படியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வாங்காமல் விட்ட பணம் கணக்கிலேயே கிடந்தால் வேறு வழியில் கரைந்துவிடும். மாதம் 500 ரூபாய்க்கு இரண்டு ஆர்டர்களை நிறுத்தினால் 1,000 ரூபாய். அதை அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதந்தோறும் கட்டினால், 6.7 சதவிகித வட்டியில் 5 வருடத்தில் 71,000 ரூபாய்க்கு மேல் கிடைக்கும். நீங்கள் கட்டியது 60,000. வட்டி விகிதம் காலாண்டுக்கு ஒருமுறை மாறக்கூடியது என்பதால், கணக்குத் தொடங்கும் நாளில் தபால் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் 100 ரூபாயிலும் தொடங்கலாம்.

விசேஷ வீட்டுச் சேலை

நம் ஊரில் இதற்கு ஒரு பெரிய சவால் இருக்கிறது. உறவுகள்! ‘போன கல்யாணத்துக்கும் இதே சேலைதானே?’ என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் போட்டோவும் வந்தபிறகு, ஒரு சேலையை இரண்டு விசேஷத்துக்குக் கட்டுவதே கௌரவக் குறைச்சல் என்றாகிவிட்டது. சீரிலும் மொய்யிலும் கை வைக்க முடியாது. அது உறவுக்கணக்கு. ஆனால், கட்டிய சேலையையே கட்டிக்கொண்டு போய் நிற்பது முழுக்க முழுக்க நம் முடிவு. முதல் விசேஷத்தில் கூச்சமாக இருக்கும். இரண்டாவதில் பழகிவிடும். அக்கா தங்கைகளுக்குள் பட்டுச்சேலைகளை மாற்றிக் கட்டிக்கொள்வது நம் வீடுகளில் காலம்காலமாக இருந்த வழக்கம்தான்.

இன்னொரு எச்சரிக்கை. உங்கள் விரதத்தை வீட்டில் மற்றவர்கள்மேல் ஏற்றாதீர்கள். மகள் ஆசையாகக் கேட்ட பொட்டுக்கும் வளையலுக்கும் தடை போட்டால், ‘எளிமை’ என்ற வார்த்தையே அவளுக்குக் கசந்துவிடும். சிக்கனமும் கருமித்தனமும் வேறு வேறு. ரமணர் ஒரு கடுகை வீணாக்க மாட்டார். ஆனால், எந்தப் பண்டம் வந்தாலும் இருக்கிற எல்லோருக்கும் பங்கிட்ட பிறகுதான் தன் பங்கை ஏற்பார்.

அப்படியானால் கடைக்காரர்கள்?

எல்லோரும் வாங்குவதைக் குறைத்தால், கிரிவலப் பாதையில் கடை போட்டிருப்பவர் என்ன செய்வார்? நியாயமான கேள்வி.

இதற்கு விடை தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே.சி.குமரப்பாவிடம் இருக்கிறது. லண்டனில் கணக்காயர் படிப்பு, அமெரிக்காவில் பொருளாதாரம், கோட்டு சூட்டு என்று வாழ்ந்தவர். 1929-ல் காந்தியைச் சந்தித்தபின் கதருக்கு மாறி, கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்தார். கடைசிக் காலத்தில் அவர் தங்கியிருந்தது மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில். ஒரு பொருளை வாங்குகிறவருக்கு அது எப்படி, யாருடைய உழைப்பில் உருவானது என்பதிலும் பொறுப்பு உண்டு என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன கருத்து.

அதாவது, எவ்வளவு வாங்குகிறோம் என்பதோடு யாரிடம் வாங்குகிறோம் என்பதும் முக்கியம். மூன்று முறை துவைத்தால் சாயம் போகும் நான்கு சட்டைகளுக்குப் பதில், நெசவாளரிடம் வாங்கிய ஒரு கைத்தறிச் சட்டை. அட்டைப் பெட்டியில் வந்து மூன்றாம் மாதம் உடையும் பிளாஸ்டிக் வாளிக்குப் பதில், வண்ணாரும் தையல்காரரும் செருப்பு தைப்பவரும் செய்து தரும் வேலைக்கு உரிய கூலி. குறைத்து வாங்குகிறவர்தான் பேரம் பேசாமல் வாங்க முடியும். கீரைக்காரம்மாவிடம் 5 ரூபாய் குறைத்துக் கேட்பது சேமிப்பு ஆகாது.

அடுத்த பௌர்ணமிக்கு...

அடுத்த முறை கிரிவலம் வரும்போது, அடி அண்ணாமலையில் கொஞ்சம் உட்காருங்கள். தாகத்துக்கு மோர் வாங்கிக் குடியுங்கள். கேட்ட காசைக் கொடுங்கள். எதிர்க்கடையில் விளக்கு பளபளவென்று மின்னும். வாங்கத் தோன்றினால் தப்பில்லை. வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கும் விளக்கை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அது பாசி பிடித்துக் கிடந்தால், தேவை புது விளக்கு இல்லை. கொஞ்சம் புளி.

பிறகு எழுந்து நடங்கள். குபேர லிங்கம் பக்கத்தில்தான் இருக்கிறது. வரவு பெருக வேண்டும் என்று வழக்கம்போலக் கும்பிட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பது வீணாகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்களும் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.